வேழத்தின் வழியும் காட்டின் வாழ்வும்

முன்னுரை

தமிழில் யானைக்கு வழங்கும் பெயர்கள் பலவாகும். வேழம், வாரணம், குஞ்சரம், கரி, கைம்மா, உம்பல், தும்பி என நிகண்டுகள் அவற்றை அடுக்கிச் செல்லும். ஆண் யானையைக் களிறு என்றும், பெண் யானையைப் பிடி என்றும் பிரித்து வழங்கிய தமிழர், அதன் இளமைக்குக் கன்று என்னும் பெயரோடு குழவி என்னும் பெயரையும் உரிமையாக்கினர். தொல்காப்பிய மரபியல் இதற்குச் சான்று பகரும். மக்கள் தம் பிள்ளைக்கு வழங்கும் சொல்லால் ஒரு காட்டு விலங்கின் கன்றையும் அழைத்தனர் எனின், அவ்விலங்கை அவர்கள் எத்துணை அருகில் நின்று கண்டிருத்தல் வேண்டும் என்பது எண்ணி மகிழத்தக்கது.

சொல்வளம் இன்றும் நம்மிடம் இருக்கின்றது. அச்சொற்களுக்கு உரிய உயிரோ அருகி வருகின்றது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1986-ஆம் ஆண்டு முதல் ஆசிய யானையை அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் உயிரினங்களின் பட்டியலில் வைத்துள்ளது. முற்காலத்தில் மேற்காசியாவின் யூப்ரடீசு ஆற்றங்கரை தொடங்கிச் சீனத்தின் யாங்சி ஆறு வரை பரவி வாழ்ந்த இவ்வினம், இன்று 13 நாடுகளில் மட்டுமே துண்டுதுண்டான காடுகளில் எஞ்சி நிற்கின்றது.

ஒரு பெருவிலங்கு அழிந்தால் காட்சிக்கு இனிய ஒன்று குறைந்தது என்றே பலரும் கருதுவர். அஃது உண்மையின் ஒரு கூறே ஆகும். யானை காட்டில் வாழும் உயிர் மட்டுமன்று. காட்டை ஆக்கும் உயிரும் ஆகும். அந்த ஆக்கம் அதன் வலிமையால் விளைவதினும் நடையால் விளைவதே மிகுதி. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திணை உணர்த்தும் செய்தி

அகப்பொருள் இலக்கணம் பயில்வோர் கருப்பொருள் அட்டவணையை மனப்பாடம் செய்வர். குறிஞ்சித் திணைக்குரிய விலங்குகளுள் யானை இடம்பெறும். பாலைத் திணையிலும் யானை உண்டு. ஆயின் அது வலிமை இழந்த யானை. இவ்வேறுபாட்டைத் தேர்வுக்குரிய செய்தியாகக் கடந்துவிடுதல் எளிது. நின்று நோக்கின் அதனுள் ஓர் ஆழ்ந்த இயற்கை அறிவு பொதிந்திருத்தல் புலனாகும். நிலம் வளமாக இருக்குங்கால் யானை வலிமையோடு இருக்கும். நிலம் வறண்டு பாலையாகுங்கால் யானை முதலில் மெலியும். யானையின் உடலைக் கண்டு நிலத்தின் நிலையை அறியலாம் என்பதே இதன் பொருளாகும்.

பாலை பாடிய பெருங்கடுங்கோ காட்டும் இரு காட்சிகள் இங்கு நினைக்கத்தக்கவை. கலித்தொகையில், கன்று கலக்கிவிட்ட சிறிதளவு நீரையும் பிடிக்கு ஊட்டிய பின்னரே களிறு தான் பருகும். குறுந்தொகையில், பிடியின் பசி நீக்க யா மரத்தின் பட்டையைக் களிறு உரித்துத் தரும். இவை அன்பை உணர்த்த வந்த காட்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கோடையில் புல் காய்ந்தபின் யானைகள் மரப்பட்டையை உரித்து உண்ணுதல் இக்கால ஆய்வாளரும் கண்டு எழுதியுள்ள உண்மையே ஆகும். புலவர் கற்பனையில் கண்டதன்று, காட்டில் கண்டது.

விதை சுமக்கும் வயிறு

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு உண்ணும். 100 லிட்டருக்கு மேல் நீர் பருகும். நாளின் பெரும்பொழுது உண்பதிலேயே கழியும். எனினும் உண்டதில் ஏறக்குறையப் பாதிக்கு மேற்பட்ட பகுதி செரிக்காமலே வெளிவரும். இதனைக் குறையென்று கருதுதல் வேண்டா. காட்டிற்கு இதுவே பேறாக அமைந்தது.

மான் மெல்லும்; குரங்கு கொறிக்கும்; சிறு பறவை சிறு கனியை மட்டும் விழுங்கும். பலா, விளா, மா முதலியவற்றின் பருங்கனிகளை விதையோடு விழுங்கி நெடுந்தொலைவு எடுத்துச் செல்லும் ஆற்றல் யானை போன்ற பேருயிர்க்கே உண்டு. 'யானை உண்ட விளங்கனி' என்னும் பழவழக்கை யாவரும் அறிவர். ஓடு உடையாதிருக்க உள்ளீடு மட்டும் மறைந்துபோகும் கனியை அது குறிக்கும். யானை என்பது அங்கு விளாவிற்கு வரும் ஒரு நோயின் பெயர் எனப் பொருள் கொண்டோரும் உளர். அவ்வழக்கு எப்படியாயினும், யானை உண்ட கனியில் சதை மறையுமேயன்றி விதை மறைவதில்லை. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை குடலில் தங்கி, பின்னர் எருவோடு கலந்தே அது நிலத்தில் விழுகின்றது. எருவிட்டு விதைக்கும் உழவனின் செயலுக்கு இது நிகரன்றோ?

தாய்மரத்தின் நிழலிலேயே விழும் விதைகளிற் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. அங்கே ஒளி குறைவு. பூச்சியும் எலியும் மிகுதி. உடன்பிறந்த கன்றுகளோடு போட்டியும் உண்டு. ஆகவே விதை தாயைவிட்டு விலகுதல் வேண்டும். மியான்மரில் நடந்த ஆய்வு, யானையின் வயிற்றில் செல்லும் விதைகள் சில கிலோமீட்டர் தொலைவு வரை பயணம் செய்தல் கூடும் எனக் காட்டிற்று.

யானை இல்லையெனின் வேறு விலங்கு இப்பணியை ஆற்றாதா எனச் சிலர் வினவலாம். இவ்வினாவுக்கு விடை தேடி, மேற்கு வங்கத்தின் பக்சா காட்டில் ஆய்வு நிகழ்த்தப்பட்டது. ஆங்கிலத்தார் 'யானை ஆப்பிள்' என வழங்கும் கனி உள்ளிட்ட மூவகைக் கனிகளை அவ்வாய்வு எடுத்துக்கொண்டது. காட்டில் மேயும் மாடும் எருமையும் இவ்விதைகளை ஓரளவு பரப்ப வல்லன. ஆயினும் அளவிலும் தொலைவிலும் அவை யானைக்கு ஈடாகா என்பது அதன் முடிவு. ஒருவர் விட்டுச்சென்ற பணியை மற்றவர் ஏற்றுச் செய்யும் வாய்ப்பு மனிதர்தம் அலுவலகத்தில் உண்டு; காட்டில் எல்லா இடத்தும் அவ்வாய்ப்பு இல்லை.

அடிச்சுவட்டில் வாழும் சிற்றுயிர்கள்

யானையின் தொண்டு விதையோடு முடிவதன்று. அது மூங்கிலை வளைத்தும், மரக்கிளையை ஒடித்தும் உண்ணும்போது கைக்கு எட்டாத உயரத்துத் தழை தரைக்கு வருகின்றது. அதனை மானும் காட்டெருதும் உண்கின்றன. கிளை நீங்கிய இடத்து வெயில் இறங்கப் புல் முளைக்கின்றது. புதரூடே யானை நடந்த தடம் பிற விலங்குகளுக்கும் பாதையாகின்றது. கோடையில் வறண்ட ஆற்றுமணலை அது காலாலும் துதிக்கையாலும் அகழ்ந்து ஊற்றுநீர் காணும். அது பருகிச் சென்றபின் அக்குழியில் மற்றவை நீர் அருந்தும்.

அதன் இலத்தியை நாடிச் சாணவண்டுகள் வரும். அவை உருட்டிப் புதைக்கும் உருண்டைகளோடு விதைகளும் மண்ணுள் செல்லும். இலங்கையில் நிகழ்த்தி 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, யானை இலத்தியினுள் தவளைகள் தங்கியிருந்ததைக் கண்டு கூறிற்று. வெயில் காலத்தில் அவற்றிற்கு அஃது ஈரம் காக்கும் இல்லமாயிற்று. மியான்மரில் யானையின் அடிச்சுவடுகளில் தேங்கிய மழைநீரில் தவளை முட்டைகளும் தலைப்பிரட்டைகளும் இருந்தமையை 2018-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. நிலத்தில் நடக்கும் உயிர்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் உயிருக்கு ஊருணி அமைத்துச் செல்கின்றது.

நடையே தொண்டு

மேற்கூறிய நன்மைகள் யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. யானை நடந்துகொண்டே இருத்தல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. நூறு யானைகளை ஒரு சிறு காட்டில் அடைத்து, வெளியேற வழியில்லாமற் செய்யின் என்ன நேரும்? அவை அங்குள்ள மரங்களை ஒடித்துத் தீர்க்கும். பட்டையை உரித்துப் பட்டுப்போகச் செய்யும். நடும் கையே அழிக்கும் கையாகும். யானை காட்டை அழிக்கின்றது என்று கூறுவோர், அதனை ஓரிடத்தே ஒடுக்கியது யார் என்பதையும் உடன் எண்ணுதல் நன்று.

இயல்பில் யானை ஓரிடத்து நிலைப்பதன்று. முதுமலையும் அதன் கிழக்கே உள்ள சீகூர் மேட்டுநிலமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்குப் பகுதி தென்மேற்குப் பருவமழையால் வளம் பெறும். சீகூர்ப் பகுதியோ நீலகிரியின் மழைமறைவில் அமைந்த முட்புதர்க் காடு. வடகிழக்குப் பருவமழையில் அங்குப் புதுப்புல் தழைக்கும். மழை எங்கே, புல் எங்கே, நீர் எங்கே என்பதை அறிந்து யானைக் கூட்டங்கள் பருவந்தோறும் இடம்பெயர்கின்றன. இதனை வலசை என்பர். கூட்டத்தை வழிநடத்துவது முதிர்ந்த பிடியாகும். எந்த வறட்சியில் எந்த மடுவில் நீர் இருந்தது என்னும் நினைவு அதனிடம் உண்டு. அம்மூதாட்டி கொல்லப்பட்டால் ஓர் உயிர் மட்டுமன்றி, அக்கூட்டத்தின் வரலாறும் மறைகின்றது.

நீலகிரிப் பகுதியில் யானைகளுக்கு வானொலிக் கழுத்துப்பட்டை அணிவித்து ஆராய்ந்தபோது, ஒரு கூட்டம் ஏறத்தாழ 500 முதல் 800 சதுர கிலோமீட்டர் பரப்பில் உலவுதல் தெரியவந்தது. 1940-ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட முதுமலையின் பரப்பு 321 சதுர கிலோமீட்டரே. எனவே ஒரு சரணாலயத்தை மட்டும் காத்து யானையைக் காத்துவிட இயலாது. ஒன்றையொன்று தொடும் காடுகளும், அவற்றை இணைக்கும் வழிகளும் சேர்ந்தே யானையின் வீடாகின்றன.

அடைபட்ட வழிகள்

இன்று பெருங்கேடு நிகழ்வது இவ்வழிகளிலேயே ஆகும். நீலகிரியின் செங்குத்துச் சரிவிற்கும் மாயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கிற்கும் இடையே உள்ள குறுகிய நிலத்தின் வழியாகவே மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு யானைகள் செல்லுதல் வேண்டும். அந்நிலத்தில் சுற்றுலா விடுதிகள் பெருகின, மின்வேலிகள் எழுந்தன. தமிழ்நாடு அரசு 2010-இல் இப்பகுதியை யானை வழித்தடமாக அறிவித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2011-இலும், உச்சநீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்றும் அவ்வறிவிப்பை உறுதி செய்தன. ஒரு விலங்கு நடந்து செல்லும் உரிமைக்காகப் பத்தாண்டு வழக்கு நடந்ததென்பது எண்ணத்தக்கது.

இடையில் நிகழ்ந்தவை நெஞ்சை வருத்துவன. 2021 சனவரியில் மசினகுடிப் பகுதியில் ஒரு யானையின்மீது எரியும் டயர் வீசப்பட, அது புண்பட்டு மடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று கோவையை அடுத்த நவக்கரை அருகே தொடர்வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி அருகே சட்டத்திற்குப் புறம்பான மின்வேலியால் மூன்று பெண் யானைகள் மாண்டன. உடன்வந்த இரு குட்டிகள் தாயரின் உடலைச் சுற்றியே நின்றன. 2025 மே மாதத்தில் மருதமலை அடிவாரத்தில் கருவுற்ற பெண் யானை ஒன்று இறந்தது. அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் இருந்தன. விதை சுமக்க அமைந்த வயிறு, நாம் எறிந்த குப்பையைச் சுமந்தது.

தந்தத்திற்காக நிகழ்ந்த வேட்டை மற்றொரு கேடாகும். ஆசிய யானைகளில் தந்தம் நீண்டு வளர்வது ஆணுக்கே. அவற்றுள்ளும் தந்தமில்லாத மக்னாக்கள் உண்டு. எனவே வேட்டையில் வீழ்ந்தவை பெரும்பாலும் களிறுகளே. கேரளத்தின் பெரியாறு காட்டில் வளர்ந்த களிறு ஒன்றுக்குப் பிடிகள் ஏறத்தாழ நூறு என்னும் அளவிற்குச் சமநிலை குலைந்தது. கரு 18 முதல் 22 திங்கள் வளர்ந்து, ஒருமுறைக்கு ஒரு கன்றே ஈனும் இனம் இது. இழந்ததை விரைவில் ஈடு செய்தல் அதற்கு அரிது.

இந்தியாவில் 2025-இல் வெளியான கணக்கெடுப்பு, இலத்தியிலிருந்து எடுத்த மரபணுவைக் கொண்டு முதன்முறையாகச் செய்யப்பெற்றது. அதன்படி நாட்டில் உள்ள காட்டு யானைகள் ஏறத்தாழ 22,446. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, அதாவது 11,934, மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தவை. 2017-இன் கணக்கு இதனினும் மிகுதியாயினும், இரண்டின் முறையும் வேறாதலின் நேரே ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் உலகில் எஞ்சிய ஆசிய யானைகளுள் பெரும்பகுதி நம் நாட்டில் உள்ளமையால், அவ்வினத்தின் எதிர்காலம் பெரிதும் நம் கையில் உள்ளது என்பது தெளிவு.

உழவரின் பக்கம்

யானைக்காகப் பேசுவோர் உழவரின் துயரை மறத்தல் அறமன்று. ஓராண்டு உழைப்பால் விளைந்த வாழையும் கரும்பும் ஓரிரவில் அழிதலை மலையடிவாரத்து மக்கள் அறிவர். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 பேர் யானையால் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் எளிய மக்கள். இருளில் நடந்து வேலைக்குச் செல்வோர். நகரத்து மாடியில் அமர்ந்து யானையைப் போற்றுதல் எளிது; அதன் வழியருகே குடிசையிட்டு வாழ்தல் எளிதன்று.

இரு பக்கமும் காக்க வழியுண்டு என்பதற்கு வால்பாறை சான்றாகின்றது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மேட்டுநிலத்தில் தேயிலைத் தோட்டங்களும், அவற்றினிடையே துண்டு துண்டான காடுகளும் உள்ளன. யானையால் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்தபோது, யானை அருகில் உள்ளதை அறியாமல் எதிர்ப்பட்டோரே பெரும்பாலும் மாண்டமை தெரியவந்தது. அதனை உணர்ந்த ஆய்வாளர்கள், யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தியாலும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் தமிழ் வரிகளாலும், உயர்ந்த இடங்களில் ஒளிரும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு முன்கூட்டியே அறிவித்தனர். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. மதுக்கரையில் தொடர்வண்டிப் பாதையருகே 2024 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் யானையின் வருகையை முன்னறிந்து உரைக்கின்றன. பாதையின் கீழே யானை செல்லச் சுரங்க வழியும் அமைக்கப்பட்டுள்ளது. யானையைக் கொன்றும் அன்று, உழவரை வெளியேற்றியும் அன்று, இடமறிந்து விலகியும் வழிவிட்டும் வாழ்தல் இயலும் என்பதையே இவை காட்டுகின்றன.

நாம் செய்யத்தக்கன

மலைநிலச் சுற்றுலா செல்லும் மாணவர் பலர். காட்டுச்சாலையில் ஊர்தியை நிறுத்தி யானைக்கு உணவு எறிதலும், ஒலியெழுப்பி அதனை மிரட்டுதலும், படம் எடுக்க நெருங்குதலும் தவிர்க்கத்தக்கன. தின்பண்ட உறையைக் காட்டில் எறியாது திரும்பக் கொணர்தல் சிறிய செயலாயினும், மருதமலையில் மடிந்த யானையை நினைப்போர்க்கு அஃது அறமாகும். நிலம் வாங்கும் வசதி படைத்த பெரியோர், மலையடிவாரத்து மனை யானை வழித்தடத்தில் உள்ளதா என்பதை வினவியறிதல் வேண்டும். விலை மலிவென்று வாங்கும் மனை, மற்றோர் உயிரின் வாயிலை அடைத்ததாக இருத்தல் கூடும். இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியரோ, கருப்பொருள் பாடம் நடத்துங்கால் அவ்விலங்கு இன்று எங்குள்ளது, எவ்வாறுள்ளது என்பதையும் ஓரிரு சொற்களால் உரைக்கலாம்.

முடிவுரை

யானையால் மழை பெய்கின்றது என்றோ, ஆறு பிறக்கின்றது என்றோ கூறின் அது மிகையாகும். ஆனால் பவானியும் மாயாறும் காட்டின் ஊடே வருவன. அக்காட்டில் பருங்கனி மரங்கள் பல தம் விதையை யானையிடம் ஒப்படைத்துள்ளன. யானையோ தன் பணியை நடந்தே செய்யவல்லது. வழி அடைபட்டால் நடை நிற்கும். நடை நின்றால் விதை தாய்மரத்தடியிலேயே மட்கும். அம்மாற்றம் ஓராண்டில் தெரியாது. முதிய மரங்கள் நிற்கும்வரை காடு பசுமையாகவே தோன்றும். அவை வீழும் நாளில், அவற்றின் இடத்தே நிற்க இளமரம் இல்லை என்பதை நம் பேரப்பிள்ளைகள் காண்பர்.

வலிமை இழந்த யானையைப் பாலையின் அடையாளமாக வைத்தனர் நம் முன்னோர். குறிஞ்சி குறிஞ்சியாகவே நிலைபெற வேண்டுமாயின், வேழத்திற்கு அதன் வழியை விட்டுக்கொடுத்தல் நம் கடமையாகும்.